முழுப் பக்க விளம்பரமும் அடியிலுள்ள பொடி எழுத்தும்

கேள்வி:

ஐயா, நான் திருவாரூர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் கார். நாளிதழில் முழுப் பக்க விளம்பரம் ஒன்று வந்தது. ‘6.99 லட்சம் முதல்’, ‘லிட்டருக்கு 24 கி.மீ.’, ‘5 நட்சத்திரப் பாதுகாப்பு’, ‘மாதம் 9,999 மட்டும்’, ‘75,000 வரை ஆடிச் சலுகை’ என்று போட்டிருந்தார்கள். அதை நம்பி நானும் கணவரும் தஞ்சாவூரில் உள்ள ஷோரூமுக்குப் போனோம். 6.99 லட்சம் மாடல் இப்போது வருவதே இல்லை என்றார் அங்கிருந்த பையன். எங்களுக்குக் காட்டிய வண்டி 8.90 லட்சம். கொட்டேஷன் கையில் வந்தபோது ஆன்-ரோடு விலை 11 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 9,999 ரூபாய் தவணை ஏழு வருடக் கடனுக்கு மட்டுமாம். 75,000 சலுகையில் எங்களுக்குக் கிடைப்பது 20,000தான். அந்த நேரத்து ஆசையில் 11,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து விளம்பரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருக்கிறது. ‘விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும், அதுக்கெல்லாம் கேஸ் போட முடியுமா’ என்கிறார் கணவர். எனக்கு மனம் ஆறவில்லை. இது ஏமாற்று இல்லையா? அட்வான்ஸைத் திரும்பக் கேட்கலாமா? இதே காரை வாங்குவது சரியா?

பதில்:

சகோதரி, உங்கள் கணவர் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ‘சாலையின் அரசன்’, ‘உங்கள் குடும்பத்தின் பெருமை’ என்று ஒரு நிறுவனம் தன் காரைப் புகழ்ந்தால் அதை யாரும் அளந்து பார்க்க முடியாது; எந்த ஆணையத்திலும் அது வழக்காக நிற்காது. ஆனால் 6.99, 24, 5, 9,999 என்பவை எண்கள். எண்ணைச் சொன்னால் அது வாக்குறுதி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதையும் பொய் உத்தரவாதம் தருவதையும் மட்டும் தவறான விளம்பரம் என்று சொல்லவில்லை. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதே வரையறைக்குள் கொண்டுவருகிறது. ‘விளம்பரம்னா அப்படித்தான்’ என்று நாம் பழகிப்போனது வேறு, சட்டம் அதை அனுமதிப்பது வேறு.

முதலில் அந்த எறும்பு எழுத்தைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம் அதுதான். தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்டது. அடிக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ, குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். கூற்றின் எழுத்துருவும் குறிப்பின் எழுத்துருவும் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரணப் பார்வை உள்ளவர் நியாயமான தூரத்திலிருந்து படிக்கும்படி, கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூற்றை விளக்கத்தான் குறிப்பு. கூற்றை மறுக்கவோ அதிலுள்ள பொய்யைத் திருத்தவோ குறிப்பைப் பயன்படுத்தக் கூடாது.

தமிழ்ப் பத்திரிகையில் தமிழில் பெரிதாக ‘75,000 வரை சலுகை’ என்று போட்டுவிட்டு, நிபந்தனைகளை மட்டும் ஆங்கிலத்தில் பொடியாகப் போடுவது இந்த நெறிமுறைக்கு நேர் எதிரானது. ஆங்கிலம் தெரிந்த ஆசிரியையான நீங்களே உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறதென்றால், நெல் விற்ற காசில் முதல் கார் வாங்க வரும் விவசாயி என்ன செய்வார்? நம் பத்திரிகைகளில் அன்றாடம் இது நடக்கிறது. யாரும் புகார் செய்யாததால் நடக்கிறது. புகார் போனால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை உதாரணம் உண்டு. ‘5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லையென்றால் 50 ரூபாய்’ என்று விளம்பரம் செய்த ரேபிடோ நிறுவனத்துக்கு 2025 ஆகஸ்டில் இதே ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நிபந்தனைகளைப் படிக்க முடியாத அளவு சிறிய எழுத்தில் போட்டதும் அந்த நிறுவனத்தின்மீது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று.

இனி 6.99 லட்சம். ‘முதல்’ என்ற சொல்லைப் போட்டு அடிப்படை மாடலின் விலையை விளம்பரப்படுத்துவதில் தவறில்லை. ஆனால் படத்தில் நிற்பது பெரும்பாலும் டாப் எண்ட் வண்டியாகவே இருக்கும்: அலாய் வீல், சன்ரூஃப், இரட்டை வண்ணம். விலை ஒரு காருக்கு, படம் இன்னொரு காருக்கு. உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய குறை இருக்கிறது. விளம்பரம் செய்த விலையில் அந்த மாடலை விற்கும் வாய்ப்பே இல்லாமல், ஆளை உள்ளே வரவழைப்பதற்காக மட்டும் விலையைக் காட்டுவதைத் தூண்டில் விளம்பரம் என்று அதே நெறிமுறைகள் குறிப்பிடுகின்றன. எதிர்பார்க்கக்கூடிய தேவைக்கு ஏற்ற இருப்பு இருக்க வேண்டும். இருப்பு குறைவென்றால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். ‘அந்த மாடல் வருவதே இல்லை’ என்று ஷோரூமில் சொன்னார்களே, அதுதான் உங்கள் கையில் உள்ள மிக வலுவான பிடி. ஆனால் வாய்ச்சொல் போதாது. அந்த விற்பனைப் பிரதிநிதிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘இன்ன தேதி விளம்பரத்தில் வந்த 6.99 லட்சம் மாடல் எப்போது கிடைக்கும்? கிடைக்காது என்று நேற்று சொன்னீர்கள், உறுதிசெய்யவும்.’ அவர் பதில் எழுதினால் அது ஆவணம். எழுதாமல் போன் செய்து மழுப்பினால், பேசி முடித்ததும் பேசியதைச் சுருக்கி நீங்களே மறுபடி ஒரு செய்தியாக அனுப்பி வையுங்கள்.

8.90 லட்சம் எப்படி 11 லட்சம் ஆயிற்று? இதில் ஒரு பகுதி நியாயமானது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்தது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆகவே உங்கள் வண்டிக்கு ஏறக்குறைய 1,15,000 ரூபாய் வரியாகப் போகும். அதை யாராலும் குறைக்க முடியாது. காப்பீடும் கட்டாயம்தான், மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்றாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் அதை அந்த ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வாங்கிக்கொண்டு வெளியே இரண்டு கம்பெனிகளில் விசாரித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மீதியை வரி வரியாகக் கிழித்துப் பார்க்க வேண்டும். ஆக்சஸரீஸ் பேக்கேஜ், கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி எல்லாம் உங்கள் விருப்பம். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால், இது எந்த அரசுக் கட்டணம், ரசீது தருவீர்களா என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் அந்த வரி காணாமல் போவதைப் பல கொட்டேஷன்களில் பார்த்திருக்கிறேன்.

75,000 ‘வரை’ சலுகை என்பது பல சலுகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூட்டுத்தொகை. ரொக்கத் தள்ளுபடி, பழைய காரைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ், குறிப்பிட்ட நிறுவனத்தில் வேலை செய்தால் கார்ப்பரேட் தள்ளுபடி, ஏற்கெனவே அதே நிறுவனத்தின் கார் வைத்திருந்தால் லாயல்டி போனஸ். முதல் கார் வாங்குபவரிடம் கொடுக்கப் பழைய கார் ஏது? அந்தக் கூட்டுத்தொகை உங்களைப் போன்றவருக்கு ஒருபோதும் கிடைக்கப்போவதில்லை என்று விளம்பரம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். பெரிய தள்ளுபடி ஆடியிலோ டிசம்பரிலோ வந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது? ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பதிவாகும். பிற்பாடு விற்கும்போது அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். போன வருட வண்டியைத் தெரிந்தே தள்ளுபடியில் வாங்குவது நல்ல வியாபாரமாகக்கூட இருக்கலாம். தெரியாமல் வாங்குவதுதான் நஷ்டம்.

மைலேஜ் விஷயத்தில் உங்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டியிருக்கும். 24 கி.மீ. என்ற எண் பொய்யாகச் சேர்த்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்புகள் கொடுக்கும் எண் அது. சோதனை சாலையில் நடப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, ஏறக்குறைய 20 நிமிடம் ஓட்டுகிறார்கள். உச்ச வேகம் 90 கி.மீ.; ஏ.சி. ஓடாது, மேடு இல்லை, மாடு குறுக்கே வராது, பின்சீட்டில் மாமியாரும் அரிசி மூட்டையும் இல்லை. எல்லாக் கார்களையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அந்த எண் உதவும். உங்கள் பெட்ரோல் செலவைக் கணக்கிட உதவாது. மே மாத வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் நான் வியப்படைய மாட்டேன்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில், மத்திய மோட்டார் வாகன விதி 115(ஜி)-யின்படி சோதனை அமைப்பு சான்றளித்தது என்று ஒரு குறிப்பு இருக்கும். அது இருந்தால் நிறுவனத்துக்கு ஓரளவு கவசம். அது இல்லாமல், சாதாரணச் சாலையிலேயே இவ்வளவு கிடைக்கும் என்ற எண்ணம் வரும்படி எழுதியிருந்தால் நிலைமை மாறும். 2004-இல் மாருதி கார் வாங்கிய ஒருவர், விளம்பரம் 16 முதல் 18 கி.மீ. சொன்னது, தனக்குக் கிடைப்பதோ சராசரி 10.2 கி.மீ. என்று மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். காரின் முழு விலையையும் திருப்பிக் கேட்டார். 1 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது மன்றம். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் அந்த உத்தரவை உறுதிசெய்தது 2024 ஜனவரியில். கார் வாங்க நினைப்பவர் மைலேஜைக் கேட்பதும் அதை வைத்து முடிவெடுப்பதும் இயல்பு என்பதை ஆணையம் ஏற்றுக்கொண்டது முக்கியமான தீர்ப்பு. ஆனால் வாங்கிய நாளிலிருந்து 20 ஆண்டு. அதனால்தான் பணம் கட்டும் முன் செய்யும் பத்து நிமிட வேலையை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அதே மாடலை வைத்திருக்கும் இரண்டு பேரிடம், டேங்க் நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு என்ன என்று கேளுங்கள். டிஸ்பிளேயில் காட்டும் எண்ணைக் கேட்க வேண்டாம்.

ஐந்து நட்சத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரை மோதவிட்டு நட்சத்திரம் தரும் நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. ஐந்து நட்சத்திரம் பெறப் பெரியவர் பாதுகாப்பில் 32-க்கு 27 புள்ளியும், குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 41 புள்ளியும் வேண்டும். உங்களுக்குக் காட்டிய அதே மாடலுக்குத்தான் அந்த நட்சத்திரமா, எந்த ஆண்டுச் சோதனை என்று பாருங்கள். இதேபோல் நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு தன் முறையை 2022-இல் கடுமையாக்கியது. அதற்கு முன் வாங்கிய நட்சத்திரமும் பின் வாங்கியதும் ஒன்றல்ல. ‘5 நட்சத்திரத் தரத்தில் உருவாக்கியது’ என்ற வாசகத்துக்குச் சோதனை நடந்தது என்று பொருள் இல்லை. பாதுகாப்பைச் சொல்லி விற்றவர்கள் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் உச்ச நீதிமன்றம் உறுதியாக இருக்கிறது. விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், வாடிக்கையாளருக்கு இழப்பீட்டோடு வண்டியையும் மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவை 2022 ஏப்ரலில் உறுதிசெய்தது.

மாதத் தவணைக்கு வருவோம். 9,999-ஐ 84 மாதங்களால் பெருக்கினால் 8,39,916 ரூபாய். ஒன்பதரை சதவீத வட்டியில் இந்தத் தவணைக்குக் கிடைக்கும் கடன் ஏறக்குறைய 6.12 லட்சம்தான். உங்கள் வண்டி 11 லட்சம் என்றால் மீதி 5 லட்சத்தை முன்பணமாகக் கையிலிருந்து கட்டியிருக்க வேண்டும். அந்த 5 லட்சம் விளம்பரத்தில் எங்கே இருக்கிறது? ஷோரூமில் ‘ஏழு பர்சென்ட்தான் மேடம்’ என்றால், ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கு வட்டியா என்று உடனே கேளுங்கள். 6 லட்சத்துக்கு 5 வருடம் 7 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி 2,10,000, தவணை 13,500. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போது முழு 6 லட்சத்துக்கும் கடைசிவரை வட்டி கட்டுகிறீர்கள். உண்மையான வட்டி 12.5 சதவீதத்தை ஒட்டி வரும். வாதாட வேண்டியதே இல்லை. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் ‘முக்கிய விவர அறிக்கை’யைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதே தாளை உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலும் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது 11,000 ரூபாய். புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று அங்கே இருக்கும். எதுவும் இல்லையென்றால் முழுத் தொகையையும் கேட்கலாம். பிடித்தம் என்று எழுதியிருந்தாலும் கேட்கத் தயங்க வேண்டாம். நீங்கள் மனம் மாறி ரத்து செய்யவில்லை, விளம்பரத்தில் சொன்ன மாடலும் சலுகையும் இல்லை என்பதால் ரத்து செய்கிறீர்கள். இந்தக் காரணத்தைத் தேதியோடு எழுதி, ஷோரூமுக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் மின்னஞ்சலாகவும் பதிவுத் தபாலாகவும் அனுப்புங்கள். பதில் தர 15 நாள் கொடுங்கள். அந்த நாளிதழின் முழுப் பக்கத்தையும் தேதி தெரியும்படி மடித்துப் பத்திரப்படுத்துங்கள், விளம்பரத்தை மட்டும் கத்தரித்து வைக்காதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பிரௌஷரையும் இன்றே இறக்கி வையுங்கள். முன்னறிவிப்பின்றி மாற்றும் உரிமையை அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் இரண்டு பாதைகள் இருக்கின்றன; இரண்டின் நோக்கமும் வேறு. விளம்பரத்தையே நிறுத்த வேண்டும் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். நேராக டெல்லிக்கு எழுத வேண்டியதில்லை, உங்கள் மாவட்ட ஆட்சியரிடமே புகாரைக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. முதல் முறை 10 லட்சம் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம். முகம் காட்டிய நடிகருக்கும் அந்த அபராதம் பொருந்தும். ஆனால் அதில் உங்கள் கைக்குப் பணம் வராது. உங்கள் நஷ்டத்துக்கு ஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஷோரூம் தஞ்சாவூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருவாரூரிலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. முழுக் காரையும் வாங்கிய பிறகு போனால்கூட, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு.

வழக்கு என்று போனால் ஷோரூம், கார் நிறுவனம் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், யார் எதைச் சொன்னார் என்பதையும் தனித்தனியாக எழுதுங்கள். கோவாவில் 2011 மாடல் கேட்டவருக்கு 2009-இல் தயாரான, ஏற்கெனவே ஓடிய காரை டீலர் தலையில் கட்டிய வழக்கில், டீலர் செய்த தவறு டாடா மோட்டார்ஸுக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காமல் அந்த நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் முழுப் பக்க விளம்பரம் யார் பெயரில் வந்தது என்று பாருங்கள். கார் நிறுவனத்தின் பெயரில் வந்திருந்தால் அது அவர்கள் வாய்மொழி. அடியில் டீலரின் முகவரி மட்டும் இருந்தால் கதை வேறு.

இதே காரை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி பிடித்திருந்தால், ஓட்டிப் பார்த்து மனம் நிறைந்திருந்தால், விளம்பரக் கோபத்துக்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. புக்கிங் படிவத்தில் மாடலின் முழுப் பெயர், தயாரிப்பு மாதம்-ஆண்டு, டெலிவரி வரை மாறாத விலை, சலுகைகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தொகையாக, காப்பீடு வெளியில் எடுக்கச் சம்மதம் ஆகியவற்றை எழுதி, ஷோரூம் மேலாளர் முத்திரையோடு கையெழுத்துப் போடட்டும். போட்டுவிட்டால் மேற்கொண்டு போங்கள். ‘அதெல்லாம் எழுத மாட்டோம் மேடம், நாங்க இருக்கோம்ல’ என்றால் 11,000-ஐத் திரும்பக் கேட்டு எழுதிவிட்டு, கும்பகோணத்திலோ திருச்சியிலோ அதே நிறுவனத்தின் இன்னொரு டீலரிடம் கொட்டேஷன் வாங்குங்கள்.